கரடி பார்க்கப் போறதென்றால்

இதைத் தொடங்கி வைத்தது எங்கட மூத்த மகன். தரம் நான்கு. நோன்பு லீவில் ஒரு நாள் பின்னேரம், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிற நேரம், போனில் ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள். பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், டொய்லட் எல்லாம் இருக்கிறது. அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து யெலோஸ்டோனுக்குப் போகிறார்கள். 1872இல் உண்டான தேசிய பூங்கா அது. மகன் எங்களைப் பார்த்துக் கேட்டான், "நாமளும் இப்பிடி ஒரு வண்டியில போவமா?"

நாங்கள் இருவரும் டீச்சர்மார். எங்கட சம்பளம் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை, இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் டீச்சர்மார்தான். அப்படி வண்டிகள் இலங்கையிலும் வாடகைக்கு இருக்கின்றன, வெள்ளைக்காரர்களுக்கென்று. விசாரித்தோம். ஒரு நாள் வாடகையைச் சொன்னார்கள். "சரி, யோசிச்சிட்டு எடுக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு போனை வைத்தோம்.

ஆனால் பிள்ளையின் ஆசை எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ராத்தாவின் மாப்பிள்ளையிடம் ஒரு கே.டி.எச். வேன் இருக்கிறது. கடைசி வரிசை சீட்டைக் கழற்றிவிட்டால் பாய் விரிக்கலாம். சின்ன கேஸ் குக்கர் ஒன்று, தண்ணீர்க் கேன் இரண்டு, ஒரு சட்டி, ஒரு கேத்தல், ஒரு சஹன். எங்கட யெலோஸ்டோன் வண்டி ரெடி. டொய்லட் மட்டும் இல்லை. உம்மாவுக்குச் சீனி வருத்தம், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். ஆகவே வழியில் இருக்கிற பள்ளிவாசல்களையும் பெற்றோல் செட்களையும் குறித்துக்கொண்டோம். மகன் பூங்காக்களைக் குறித்தான், நாங்கள் டொய்லட்களைக் குறித்தோம்.

முதல் திட்டம் பெரிய திட்டம். ஆகஸ்ட் லீவில் மூன்று பூங்கா. வில்பத்து, மின்னேரியா, ஹோர்ட்டன் சமவெளி. ஹோர்ட்டன் சமவெளி முதல் இரவிலேயே கழன்றது. அந்தக் குளிரும், உலக முடிவுக்கு நடக்கிற நடையும் உம்மாவின் முழங்காலுக்குச் சரிவராது. மின்னேரியாவில் ஆகஸ்டில் குளம் வற்ற வற்ற யானைக் கூட்டம் கூட்டமாக வரும். மகள் அதில் நின்று பிடித்தாள். வில்பத்து எல்லோருக்கும் சரி. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் ரோட்டில் போய் இடப்பக்கம் திரும்பினால் ஹுனுவிலகம வாசல். கிட்டத்தான்.

எல்லோருக்கும் சரி என்று எழுதிவிட்டோம். வாப்பா ஒன்றும் பேசவில்லை. தராவீஹ் முடிந்து வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"டிக்கட் வாங்கிக்கிட்டா அந்தக் காட்டுக்குள்ள போறது?"

இவ்வளவுதான் கேட்டார். போய்ப் படுத்துவிட்டார்.

வாப்பா பிறந்தது கரடிக்குளி. முசலிப் பக்கம், மன்னார் மாவட்டம். வில்பத்துக் காட்டின் வட எல்லை மோதரகம் ஆறு, அதற்கு அங்கால் இருக்கிற கரையோரக் கிராமங்களில் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது கொஞ்சப்பேர் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தார்கள். எங்கட ஆட்கள் காட்டால் வந்தார்கள். பாதித் தூரம் ட்ராக்டர், பிறகு நடை. எங்களில் ஒருவருக்கு அப்போது ஒன்றரை வயது, உம்மாவின் இடுப்பில். வில்பத்துப் பூங்கா 1988 டிசம்பரிலிருந்து 2003 மார்ச் வரை மூடிக் கிடந்தது. ஆகவே வாப்பா அதைக் கடந்த இரவில் வாசலும் இல்லை, டிக்கட்டும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. யானைக்குப் பயந்து நெருப்பு மூட்டவும் வேணும், ஆட்களுக்குப் பயந்து மூட்டாமல் இருக்கவும் வேணும் என்று உம்மா சொல்வா. வாப்பா அதையும் சொல்லமாட்டார். புத்தளத்து உப்பளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். நாங்கள் முகாமில் வளர்ந்தோம், படித்தோம், டீச்சரானோம்.

வில்பத்து என்ற பேர் எங்களுக்குப் பெரிய பாரமானது அதற்குப் பிறகுதான். யுத்தம் முடிந்து சனம் திரும்பிப் போனபோது ஊரே காடாகியிருந்தது. 2010இல் வாப்பா போய்ப் பார்த்தார். வீட்டு அத்திவாரத்துக்குள் மரம் நின்றதாம். 2012இல் அந்தப் பக்கம் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. 2017இல் அது இன்னும் விரிந்தது. எங்கட குடும்பத்துக் காணி எல்லைக்கல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்று இன்றைக்கும் ஒருவர் ஒரு மாதிரிச் சொல்கிறார். பக்கத்தில் கல்லாறு வனத்தை வெட்டியது சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அங்கே மரம் நடவும் உத்தரவிட்டது. அதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. ஆனால் பேஸ்புக்கில் வந்ததெல்லாம் அவ்வளவு நுணுக்கமாக வரவில்லை. "முஸ்லிம்கள் வில்பத்தை அழிக்கிறார்கள்" என்று ஒரே வரியாகத்தான் வந்தது.

2015இல் நாங்கள் இருவரும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே பிரிவில் படித்தோம். அப்போது எங்களுக்குள் கல்யாணப் பேச்சுக்கூட இல்லை. ஒரு செயலமர்வுக்கு வேறு கலாசாலைச் சிங்கள ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒருவர், கெட்ட மனிதர் இல்லை, சிரித்துக்கொண்டே கேட்டார், "நீங்கதானா வில்பத்துவை வெட்டுற ஆட்கள்?" நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறோம். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அந்தக் கிராமங்கள் பூங்காவுக்கு வெளியே ஆற்றுக்கு அங்கால் இருக்கின்றன என்றாவது சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்தோம்.

வாப்பாவின் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வில்பத்தைக் கொப்பியில் வெட்டிவிட்டோம். மின்னேரியா மட்டும் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். மகனுக்கு அழுகை. சிறுத்தையும் கரடியும் பார்க்கிற பூங்காவை விட்டுவிட்டு யானை பார்ப்பதா? யானை புத்தளத்திலேயே ரோட்டுக்கு வருகிறதே என்றான். நியாயம்தான்.

நாலைந்து நாள் கழித்து, கஞ்சிக் கோப்பைகள் எல்லாம் கழுவி முடிந்த நேரம், மகன் வாப்பாவிடம் போய் இருந்துகொண்டு கேட்டிருக்கிறான். "மூத்தவாப்பா, உங்கட ஊருக்கு ஏன் கரடிக்குளின்னு பேர்? கரடி இருந்திச்சா?"

நாங்கள் அடுப்படியில் இருந்தோம். காது மட்டும் அங்கே.

"இருந்திச்சாவா? பக்கத்து ஊருக்குப் பேர் பாலைக்குளி. பாலை மரம் தெரியுமா உனக்கு? பழம் மஞ்சளா, சின்னதா இருக்கும். தின்டா உதடு ஒட்டிப் போயிரும், தேங்காயெண்ணெய் பூசித்தான் கழட்டணும். அந்தப் பழத்துக்குக் கரடி உயிரையும் விடும். மரத்துல ஏறி உச்சியில இருந்துகொண்டு தின்னும். குட்டி முதுகில. கீழ நாங்க நிக்கிறோம்னாலும் இறங்காது."

"அப்ப ஆகஸ்ட்ல போனா பார்க்கலாமா?"

"ஆகஸ்ட்ல என்னத்தப் பார்க்கிறது? பழம் முடிஞ்சிரும். கரடி பார்க்கப் போறதென்டா மே, ஜூன்ல போவணும்."

பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொன்னார், "என்ன புள்ளையள், டீச்சராயிருந்து என்ன, பிழையான மாசத்தைல்லோ போட்டிருக்கீங்க!"

அப்படித்தான் திட்டம் மாறியது. இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதக் கடைசியில் வருகிறது. பெருநாள் லீவோடு போவது என்று முடிவு. யானைக் கூட்டம் அந்த மாதம் மின்னேரியாவில் சேராது, ஆகவே மின்னேரியாவும் கழன்றது. மகள் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. மூன்று பூங்கா ஒரு பூங்காவாகிவிட்டது.

அந்த ஒரு பூங்காவுக்கே எவ்வளவு கணக்கு! வேன் காட்டுக்குள் போகாது, வாசலில் ஜீப் மாற வேண்டும். ராத்தா வீட்டாரோடு பதினொரு பேர், ஆகவே இரண்டு ஜீப். உள்நாட்டவருக்கு டிக்கட் பெரிய காசில்லை, ஜீப்தான் காசு. விடிய ஆறு மணிக்கு வாசல் திறக்கும், ஆகவே சுபஹைப் புத்தளத்தில் தொழுதுவிட்டு ஓடினால் பிந்திவிடும், வழியில் தொழ வேண்டும். குர்பான் இறைச்சியை உம்மா முதல் நாளே வறுத்துத் தருவா, பாணும் சம்பலும் போதும். 2019க்குப் பிறகு நாங்கள் கூட்டமாக வேனில் போவதென்றால் அபாயா, தாடி, சோதனைச் சாவடி என்று கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறோம். ஆகவே எல்லோருடைய அடையாள அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மேலே வைப்பது என்று எழுதிக்கொண்டோம்.

வாப்பா ஒரு நிபந்தனை போட்டார். காட்டைப் பார்த்தால் ஊரையும் பார்க்க வேண்டும். அன்றிரவே மதவாச்சி, முருங்கன், சிலாவத்துறை என்று காட்டைச் சுற்றிக்கொண்டு கரடிக்குளிக்குப் போய், அங்கே பள்ளிவாசலடியில் வேனை நிறுத்திப் படுப்பது. ஒரு ஆறு தாண்டிப் போகிற இடத்துக்கு மூன்று மாவட்டம் சுற்ற வேண்டியிருக்கிறது. மகனுக்கு அதுதான் பெரிய சந்தோஷம், வேனுக்குள் படுக்கப் போகிறானே.

ஒரு விஷயத்தை மட்டும் அவருக்குச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் சொன்னோம். உள்ளே குறித்த இடத்தில் தவிர ஜீப்பை விட்டு இறங்க ஏலாது. பழம் பொறுக்கவும் ஏலாது.

"இறங்கேலாதா?"

"இல்ல வாப்பா. சட்டம். மிருகங்களுக்கும் நல்லது, ஆக்களுக்கும் நல்லது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லதுதான். நாங்க நடந்த நேரம் ஒருத்தனும் இப்பிடிச் சொல்லல்ல." உம்மா சிரித்துவிட்டா. அவரும் சிரித்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரவு அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பழைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். ஓரங்கள் எல்லாம் பிய்ந்துவிட்டன. பின்பக்கத்தில் பிறந்த இடம் கரடிக்குளி என்று இன்னும் வாசிக்கலாம். உள்ளூர் டிக்கட்டுக்கு அட்டை கேட்பார்களா என்று விசாரித்தார். கேட்டாலும் கேட்பார்கள் என்றோம்.

"அப்ப இதையே காட்டுங்க. கொப்பி ஒன்று அடிச்சி வச்சிட்டு அசலைத் திருப்பித் தந்திரணும். தொலைச்சிராதீங்க" என்றார்.