சித்தப்பாவின் மூணு வைப்பர் கார்

முதல்லயே சொல்லிடறேன், கார் என்னோடது இல்லை. சித்தப்பாவோடது. போன செமஸ்டர் லீவுல மூணு வாரம் இங்கிலாந்து போயிருந்தேன். நான் போய் இறங்கின அதே வாரம்தான் அந்தக் காரும் அவர் வீட்டுக்கு வந்தது. புது மோர்கன் பிளஸ் ஃபோர், அடர் பச்சை. ஓட்டிப் பார்த்தியான்னு மட்டும் கேக்காதீங்க. இன்சூரன்ஸ்ல என் பேர் இல்லை. பக்கத்து சீட்ல உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதறேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல வில்லன் வந்து இறங்குவாரே, அந்த மாதிரி ஒரு கார். நீளமான பானெட், அதுல வரிசையா காத்துப் போற துவாரங்கள், ரெண்டு பக்கமும் அலை மாதிரி இறங்கற மட்கார்டு, உருண்டை ஹெட்லைட். கண்ணாடி ரொம்பக் குட்டை. அதுக்கு ஸ்கேல் நீளத்துல மூணு வைப்பர். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. "இதுக்கா சித்தப்பா இவ்ளோ பணம் குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல. ரூபாயில நீங்களே பெருக்கிப் பாருங்க, நான் பெருக்கிப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

உட்கார்ந்தா வேற மாதிரி. சீட் கிட்டத்தட்ட பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்துல, ரொம்பத் தாழ்வா இருக்கு. கையைக் கீழ விட்டா ரோட்டைத் தொட்டுடலாம் போல. வளைவுல திரும்பும்போது முன்னாடி அந்த நீள மூக்கு முதல்ல திரும்புது, நாம அப்புறமா பின்னாடியே போறோம். கார் எடை ஏறக்குறைய ஒரு டன்தான், இஞ்சின் 255 எச்.பி. மெக்கானிக்கல் மக்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். சித்தப்பா ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச முதல் தடவை நான் கத்தினது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இஞ்சின் பி.எம்.டபிள்யூ-வோடது. அப்போ இது எப்படி பிரிட்டிஷ் கார்னு சண்டைக்குப் போனேன். சித்தப்பா சொன்னது: மோர்கன் எப்பவுமே இஞ்சினை வெளியிலேர்ந்துதான் வாங்கும். ஜே.ஏ.பி., ஃபோர்டு, டிரயம்ஃப், 1968-லேர்ந்து பிளஸ் எயிட்டுக்கு ரோவர் வி-8. வாங்காம தாங்களே செய்யறது மத்ததைத்தான்.

அந்த 'மத்தது' என்னன்னு பார்க்க ஒரு சனிக்கிழமைக்கு முந்தின நாள் லீவு போட்டு, அதே கார்ல மால்வர்ன் கூட்டிட்டுப் போனார். எச்.எஃப்.எஸ். மோர்கன் 1909-ல முதல் வண்டியைச் செஞ்ச ஊர். அது மூணு சக்கர வண்டி. நாலு சக்கரம் 1936-லதான் வந்தது. தொழிற்சாலை இன்னைக்கும் அதே ஊர்ல, சிவப்புச் செங்கல் ஷெட்டுகளா இருக்கு. பணம் கட்டினா சுத்திக் காட்டறாங்க.

இங்க ஒரு தப்பைத் திருத்தணும். மோர்கனுக்கு சேசிஸே மரம்னு நிறைய பேர் சொல்வாங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். இல்லை. முன்னாடி ஸ்டீல் சேசிஸ், இப்போ ஒட்டிச் சேர்த்த அலுமினியம். அதுக்கு மேல, பாடியைத் தாங்கற சட்டகம்தான் ஆஷ் மரம். கோடரிக் கைப்பிடிக்கும் கிரிக்கெட் ஸ்டம்புக்கும் எடுக்கற மரம் அது. லேசு, ஆனா அடி தாங்கும். மெல்லிய பலகைகளுக்கு நடுவுல பசை தடவி, வளைச்சு, கவ்வி போட்டு இறுக்கி வீல் ஆர்ச் செய்யறாங்க. அதைப் பார்த்துட்டு நான் அங்கேயே நின்னுட்டேன். தரை முழுக்க மரத்தூள், கார் ஃபேக்டரியில தச்சுப்பட்டறை வாசனை!

ஏன் இன்னும் மரம்? பாரம்பரியம்னு ஒரு வரியில முடிச்சுடலாம். ஆனா கணக்கும் இருக்கு. வருஷத்துக்கு சில நூறு கார் மட்டும் செய்யற இடத்துல, பெரிய பிரஸ்ஸிங் டை போட்டா அந்தச் செலவை எத்தனை கார் மேல பிரிப்பீங்க? நம்ம புரொடக்ஷன் பேப்பர்ல வர்ற அதே கேள்விதான். 1990-ல பி.பி.சி. நிகழ்ச்சி ஒண்ணுக்காக ஜான் ஹார்வி-ஜோன்ஸ்னு ஒரு பெரிய தொழில் நிபுணர் அங்க போய், உற்பத்தியைக் கூட்டுங்க, முறையை மாத்துங்கன்னார். அப்போ கார் புக் பண்ணினா வருஷக்கணக்குல காத்திருக்கணும். முதலாளி பீட்டர் மோர்கன் அதை ஏத்துக்கலை. பாடப் புத்தகத்துப்படி ஹார்வி-ஜோன்ஸ் பக்கம்தான் நியாயம்னு எனக்குத் தோணுது. ஆனா கம்பெனி இன்னும் இருக்கு.

திரும்பி வர்றப்ப மழை. கூரை கிடையாதா? இருக்கு, துணிக் கூரை, கையால போடணும். சித்தப்பா அதுவரைக்கும் ஒரு தடவைகூட போட்டுப் பார்த்ததில்லை. ரோட்டோரம் நிறுத்தி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, எந்த பட்டன் எங்கன்னு தெரியாம, போட்டு முடிக்கும்போது ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சாச்சு. தப்பு கார் மேல இல்லை, கையேட்டைப் படிக்காதது எங்க தப்பு.

கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு, அந்தச் சின்ன இடத்துல உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் கேட்டார்: "கண்ணு, அப்பாகிட்ட கார் பத்தி சொல்லிட்டியா?"

இல்லைன்னேன்.

"சொல்லாத. நானே சொல்லணும். எப்படின்னுதான் தெரியல."

1998-ல சித்தப்பா டாக்டர் பரீட்சை எழுத இங்கிலாந்து கிளம்பினப்ப, பரீட்சைக்கும் டிக்கெட்டுக்கும் அப்பாதான் ஏலச்சீட்டு எடுத்திருக்கார். பத்தலை. தன்னோட டிவிஎஸ் 50-யை வித்திருக்கார். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் மில்லுக்கு சைக்கிள், நைட் ஷிஃப்ட்டுக்கும் சைக்கிள்தான். எனக்கு இருபத்தொரு வயசு. எங்க வீட்ல யாரும் இதை எங்கிட்ட சொன்னதே இல்லை. "பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன் கண்ணு. சைக்கிள் மிதிச்சத எப்படித் திருப்பிக் குடுக்கறது?"ன்னார். வைப்பர் மூணும் ஓடிக்கிட்டே இருந்தது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "பசிக்குது சித்தப்பா, போலாம்"னேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

ஊருக்குக் கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சித்தப்பாவே வீடியோ கால் போட்டார். போனை நான் பிடிச்சுக்கிட்டேன். "அண்ணா, ஒரு கார் வாங்கியிருக்கேன்"னு சொல்லிட்டு ஒதுங்கி நின்னார். காரைச் சுத்தி ஒரு தடவை போனைக் காட்டினேன். அப்பா ஒண்ணும் பேசலை. நெட் போயிடுச்சோன்னு நினைச்சேன்.

"மரம்னு சொல்றியே, கரையான் வராதா?"

"இங்க கரையான் இல்லண்ணா. மரத்துக்கு மருந்து போட்டுத்தான் செய்யறாங்க."

"எத்தன பேர் உக்காரலாம்?"

"ரெண்டு பேருண்ணா."

"ரெண்டு பேருக்கா இவ்ளோ நீளம்?" அப்படின்னு அப்பா சிரிச்சார். விலையைக் கேக்கவே இல்லை. சித்தப்பா துணி எடுத்து, ஏற்கெனவே சுத்தமா இருந்த மட்கார்டைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார்.

வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. டிவிஎஸ் 50 பத்தி அப்பாகிட்ட நான் கேக்கலை, அவரும் சொல்லலை. போன வாரம் ஹாஸ்டல்ல இருந்தப்ப வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்: 'தம்பி காருக்கு எதுக்கு மூணு வைப்பர்?'

கண்ணாடி குட்டையா, அகலமா இருக்கு, நீள வைப்பர் போட இடமில்லை, ரெண்டு குட்டை வைப்பர் போட்டா முழு அகலமும் துடைக்காதுன்னு படம் வரைஞ்சு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்தது. 'சரி. மழையில மெதுவா ஓட்டச் சொல்லு.'