சுட்டது பட்டதா?

ஒரு பொம்மைத் துப்பாக்கிக்கு 2 லட்சம் யென் கொடுக்கலாமா? நம் பணத்தில் லட்சம் ரூபாயைத் தாண்டும். என் அக்கா மகன் டோக்கியோவிலிருந்து போனில் இப்படிக் கேட்டபோது, 'உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?' என்றுதான் முதலில் கேட்டேன். தெரியாதாம்.

'ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்கியே, அதுக்கு என்ன?'

'அதுல சந்தேகம் வந்துடுச்சு மாமா. போய் அடிக்குதா இல்லையான்னே தெரியலை. நீங்க 30 வருஷம் ஃபாக்டரியில தரம் பார்த்தவர்தானே? இங்க வர்றப்போ ரெண்டையும் டெஸ்ட் பண்ணி ஒரு தீர்ப்பு சொல்லிடுங்க.'

ரிட்டையர் ஆனவனிடம் யாராவது 'டெஸ்ட் பண்ணுங்க' என்று சொன்னால் போதும், விமான டிக்கெட் கனமாகத் தெரியாது. 2023 நவம்பரில் போய் இறங்கினேன்.

இது என்ன துப்பாக்கி என்று நீங்கள் கேட்பீர்கள். ஏர்ஸாஃப்ட் என்று பெயர். கையில் எடுத்தால் பொம்மை என்று சொல்ல வாய் வராது. 3 கிலோ கனம். அமெரிக்க சிப்பாய்கள் வைத்திருக்கும் எம்4 ரைஃபிளின் அச்சு அசல். ஆனால் உள்ளிருந்து வருவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை, பட்டாணியைவிடச் சின்னது. பிறந்த இடம் ஜப்பான். காரணம் எளிது. 1958ல் வந்த சட்டத்தால் அங்கே சாதாரண ஆளுக்கு நிஜத் துப்பாக்கி கிட்டத்தட்ட எட்டாக்கனி. வேட்டைத் துப்பாக்கிக்கே எழுத்துப் பரீட்சை, டாக்டர் சர்ட்டிஃபிகேட் எல்லாம் வேண்டும். நிஜம் கிடைக்காத ஊரில் நகல் செழிக்கும். முதலில் ஸ்பிரிங்கிலும் காஸிலும் ஓடிய இந்தப் பொம்மைகளுக்கு 1991ல் டோக்கியோ மருயி என்கிற கம்பெனி மோட்டாரும் பாட்டரியும் வைத்தது. பிரெஞ்சு ராணுவத்தின் ஃபமாஸ் ரைஃபிளின் நகல் அது. அதன் பிறகு பாட்டரிதான் ராஜா.

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஏர்கன்னில் குழலை மடக்கி ஸ்பிரிங்கை நீங்கள் அமுக்குகிறீர்கள். இதில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. மூன்று பல்சக்கரங்கள் சுழன்று பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும், ஸ்பிரிங் சுருங்கும், கடைசிப் பல் தாண்டியதும் பிஸ்டன் முன்னால் பாயும், காற்று உருண்டையைத் தள்ளும். நொடிக்குப் பதிமூன்று, பதினான்கு தடவை. உள்ளே அவ்வளவுதான் ரகசியம்.

இன்னொரு சின்ன சாமர்த்தியம் இருக்கிறது. குழலின் ஆரம்பத்தில் மேல்பக்கம் ரப்பர் மேடு ஒன்று லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். உருண்டை அதில் உரசிப் பின்புறமாகச் சுழன்றபடி கிளம்பும். ஷேன் வார்னின் பந்து காற்றிலேயே பக்கவாட்டில் நகர்ந்ததே, அதே மாக்னஸ் விளைவு. இங்கே அது பக்கவாட்டில் இல்லாமல் மேலே தூக்கிப் பிடிக்கிறது. இந்த ரப்பர் மட்டும் இல்லையென்றால் கால் கிராம் உருண்டை சீக்கிரமே தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இருப்பதால் 40, 50 மீட்டர் வரை போகிறது. இந்த ரப்பரின் விலை ஒரு நல்ல மதியச் சாப்பாட்டைத் தாண்டாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2005ல் சிலர் இந்தத் துப்பாக்கிகளைச் சக்தி கூட்டி ஓடும் கார்களின் கண்ணாடியைச் சுட, 2006ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. 6 மில்லிமீட்டர் உருண்டைக்கு உச்ச வரம்பு சுமார் 0.98 ஜூல். அதற்கு மேல் போனால் அது பொம்மையல்ல, குற்றம். 0.2 கிராம் உருண்டைக்கு இது நொடிக்கு 99 மீட்டர் வேகம். 45 ஆயிரம் யென் துப்பாக்கிக்கும் அதேதான், 2 லட்சம் யென் துப்பாக்கிக்கும் அதேதான். அப்படியானால் மிச்சக் காசு எங்கே போகிறது? இந்த இடத்தில்தான் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

அக்கா மகனிடம் இருப்பது 45 ஆயிரம் யென் சமாசாரம். கம்பெனி பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். அவன் ஆசைப்படுவது அவனுடைய ஆபீஸ் சீனியரிடம் இருக்கிறது. அந்த ரகத்தில் சாதாரண பல்சக்கரங்களுக்குப் பதில் ஒன்றைச் சுற்றி ஒன்று வரும் கோள் சக்கரங்கள். ஒரு சர்க்யூட் போர்டு சக்கரம் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. இந்த வகையைப் பிரபலப்படுத்தியது சிஸ்டெமா என்ற ஜப்பானியக் கம்பெனி, பயிற்சிக்கான ஆயுதம் என்றே பெயரிட்டு விற்றது.

சீனியரும் இவனும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிபா பக்கம் காட்டுக்குள் இருக்கும் மைதானத்துக்குப் போகிறார்கள். 'சபகே' என்கிறார்கள். சர்வைவல் கேம் என்பதை ஜப்பானிய வாயில் போட்டு மென்றால் அப்படித்தான் வரும். இரண்டு கோஷ்டி, கொடியைப் பிடிக்க வேண்டும், உருண்டை பட்டவன் அவுட். பெயின்ட் பால் மாதிரி சட்டையில் கறை விழாது. பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியது பட்டவன். கையைத் தூக்கி 'ஹிட்டோ!' என்று கத்திவிட்டு வெளியே நடக்க வேண்டும். அம்பயர் கிடையாது, ரீப்ளே கிடையாது. பட்டும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அங்கே பெயர் ஜாம்பி. செத்தும் நடமாடுகிறவன்.

இப்போது புரிந்திருக்குமே! அக்கா மகன் ஆறு மாதமாகச் சீனியரைச் சுடுகிறான். குறி சரி, உருண்டை அவர் பக்கம் போவது கண்ணுக்குத் தெரிகிறது. மனுஷன் நடந்துகொண்டே இருக்கிறார். திரும்பி அவர் சுட்டால் இவனுக்கு முதுகில் சுள்ளென்று படுகிறது.

'ஒண்ணு, என் துப்பாக்கி சரியில்லை. இல்லேன்னா அந்த ஆள் சரியில்லை. துப்பாக்கின்னா காசு குடுத்து மாத்திடலாம். ஆள்னா என்ன பண்றது மாமா? நாளைக்குக் காலைல அவர் முன்னாடிதானே போய் உட்காரணும்?'

2 லட்சம் யென்னின் காரணம் இதுதான். அவன் துப்பாக்கி வாங்கவில்லை, சீனியர் நல்லவர் என்ற நம்பிக்கையை வாங்கப் பார்க்கிறான். மைதானத்தில் ஒரு விதி இருக்கிறது. ஜாம்பி என்று சந்தேகப்பட்டால் நேரே போய்ச் சண்டை போடக்கூடாது, அங்குள்ள ஊழியரிடம் சொல்ல வேண்டும். சீனியரைப் பற்றி எப்படிப் போய்ப் புகார் சொல்வது?

அந்த ஞாயிறு நானும் போனேன். டெஸ்ட் என்றதும் சீனியர் தன் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். ஐம்பது வயசிருக்கும், மெல்லிய மனிதர், பஞ்சு வைத்துத் தைத்த தடிமனான ஜாக்கெட். அதைக் கவனித்தேன், ஆனால் அப்போது எழுதிக்கொள்ளவில்லை.

காலையில் எல்லோரும் வேகமானியில் சுட்டுக் காட்டியே தீர வேண்டும். வரம்பு தாண்டினால் விளையாட முடியாது. அங்கேயே முதல் டெஸ்ட்டை முடித்தேன். 20 குண்டு. இவனுடையது 86.1க்கும் 87.4க்கும் நடுவே நின்றது. சீனியருடையது 94.3 முதல் 95.2. தரம் பார்க்கிறவனுக்கு உச்ச வேகம் முக்கியமில்லை, ஏற்ற இறக்கம்தான் முக்கியம். இரண்டுமே நாணயமான இயந்திரங்கள்.

இரண்டாவது, 30 மீட்டரில் ஏ4 காகிதம். கால் கிராம் உருண்டை, 20 குண்டு. இவனுடையது 14, சீனியருடையது 16. காற்று லேசாக வீசியது. இந்த இரண்டு குண்டு வித்தியாசத்துக்கு ஒன்றரை லட்சம் யென் கொடுப்பவரை நான் தடுக்க மாட்டேன், பாராட்டவும் மாட்டேன்.

மூன்றாவது நம்பகம். அவனுடையதில் ஆயிரம் குண்டு தொடர்ந்து போட்டோம். மேகஸினை நிரப்பி நிரப்பிக் கட்டைவிரல் வீங்கிவிட்டது (இந்த மேகஸின் நீங்கள் கையில் வைத்திருப்பது அல்ல). முதல் 700 தண்ணீர் மாதிரி போனது. பிறகு இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. பார்த்தால், போன சீசனில் பிரித்து வைத்த பாக்கெட். காட்டு மைதானங்களில் மக்கிப்போகும் உருண்டைதான் போட வேண்டும். மக்கும் சரக்கு ஈரத்தை இழுக்கும், ஊதும். குழலின் உள்விட்டம் 6.08, உருண்டை 5.95. நடுவே இருப்பது 0.13 மில்லிமீட்டர், அதில் ஊதினால் எங்கே போகும்? புதுப் பாக்கெட் பிரித்தோம், கடைசிவரை ஒரு தகராறும் இல்லை. இந்த வகைத் துப்பாக்கிகளில் இன்னொன்றும் உண்டு. ஒற்றைக் குண்டாக வேகமாக அழுத்தினால் சக்கரம் பாதியில் நின்று, பாட்டரியும் இளைத்திருந்தால், விசை செத்துப்போகும். தொடர் சுடுதலுக்கு மாற்றி ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும். சீனியருடைய ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை, அதற்குத்தான் அந்தப் போர்டு. ஆனால் போர்டு போனால் ஸ்குரூ டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னக் கம்பெனி என்றால் உதிரி பாகத்துக்குத் தவம் கிடக்க வேண்டும். காட்டுக்குள் எனக்கு முட்டாள் இயந்திரமே பிடிக்கும்.

ஆக, துப்பாக்கி சரியாக இருக்கிறது. அப்படியென்றால் ஆள்தானா? அக்கா மகன் முகம் தொங்கிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அவனுடைய கால் கிராம் உருண்டை நொடிக்குச் சுமார் 78 மீட்டரில் கிளம்புகிறது. காற்று அதை உடனே பிடித்து இழுக்கும். 40 மீட்டர் போக எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஒரு முழு நொடி. ஒரு நொடியில் நடக்கிற மனிதன் ஓர் அடி எடுத்து வைத்து மரத்துக்குப் பின்னால் போய்விடலாம். போய்ச் சேரும்போது வேகம் 23 மீட்டர்தான் மிச்சம், கிளம்பிய சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரி, சட்டம் அனுமதிக்கிற உச்சத்துக்கே போனால்? மிச்சமாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். 2 லட்சம் யென்னில் சக்தி என்று கிடைப்பது அவ்வளவுதான்.

பத்தில் ஒரு பங்கு சக்தி என்று எழுதியபோதுதான் அந்த ஜாக்கெட் ஞாபகம் வந்தது.

குறிபார்க்கும் இடம் காலியாக இருந்தது. ஊழியரிடம் அனுமதி வாங்கி, 40 மீட்டர் கோட்டில் அக்கா மகனின் குளிர் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டோம். கிட்டத்தட்ட சீனியருடையது மாதிரியே பஞ்சு. உள்பையில் செல்போன், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க. பைனாகுலரில் பார்த்து நான் எண்ணிக்கொண்டு வர, அவன் சுட்டான். பத்து குண்டு ஜாக்கெட்டில் பட்டதும் நிறுத்தினோம்.

ஒலிப்பதிவை, விஷயம் தெரியாத இன்னொரு ஆட்டக்காரரிடம் கொடுத்து எத்தனை சத்தம் கேட்கிறது என்று கேட்டோம். ஆறு என்றார். பிறகு பக்கத்தில் ஒரு துப்பாக்கியைத் தொடர்ந்து ஓட்டச் சொல்லி, அந்த மோட்டார் சத்தத்தோடு மறுபடி போட்டோம். தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார். இரண்டு என்றார்.

பத்துக்கு இரண்டு. அதுவும் அசையாமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவருக்கு. தன் துப்பாக்கியே முழங்கிக்கொண்டிருக்க, சருகில் ஓடுகிறவருக்கு? அக்கா மகன் எப்போதும் மெல்லிய சட்டையில்தான் ஆடுவான், அவனுக்கு எல்லாம் சுள்ளென்று படுகிறது.

அக்கா மகன் எதுவும் பேசவில்லை. போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு நேரே சீனியரிடம் போனான். புகாராகச் சொல்லவில்லை. 'எங்க மாமா ஒரு டெஸ்ட் பண்ணினார், கேக்கறீங்களா' என்று ஜப்பானிய மொழியில் சொன்னானாம். அவர் கேட்டார். மறுபடி போடச் சொல்லி இரண்டாம் முறை கேட்டார். பிறகு தன் ஜாக்கெட்டின் கையை விரலால் நாலு தடவை சுண்டிப் பார்த்துக்கொண்டார். என் பக்கம் திரும்பிக் குனிந்தார். நானும் குனிந்தேன். அந்த ஊரில் யார் முதலில் நிமிர்வது என்பது எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

துப்பாக்கி வாங்கவில்லை. ரப்பரை மட்டும் மாற்றியிருக்கிறான், கொஞ்சம் கனமான உருண்டைக்கு மாறியிருக்கிறான். விசையை அழுத்தியவுடன் சுடும் அந்தச் சுகத்துக்காக எப்போதாவது அதை வாங்கத்தான் போகிறேன் என்கிறான். அந்தக் காரணம் எனக்குச் சம்மதம். பெண்டாட்டிக்கும் சம்மதமா என்பது என் துறை அல்ல.

டிசம்பரில் போன் பண்ணினான். சீனியர் அந்தக் குளிரில் மெல்லிய நைலான் சட்டையோடு வந்தாராம். நடுங்கிக்கொண்டே ஆடினாராம். ஒரே ஆட்டநாளில் இவனிடம் நாலு தடவை 'ஹிட்டோ' சொல்லி வெளியே போனாராம்.

'சந்தோஷம்தானே?' என்றேன்.

'சந்தோஷம்தான் மாமா. ஆனா அந்த நாலுல ஒண்ணு நான் சுடவே இல்லை.'