அறுந்த பேச்சும் ஆராய்ந்த வழியும்

கடல் கடந்து வாழும் பிள்ளையின் நலத்தை அறியக் கடிதத்திற்காக வாரக்கணக்கிற் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கைத்தொலைபேசியிலே முகமும் குரலும் ஒருங்கே வந்து நிற்கின்றன. ஆயினும், கண்டங்களைத் தாண்டி வந்த குரல், வீட்டு முன்மண்டபத்திலிருந்து பின்னறைக்குச் செல்லும் நாற்பது அடித் தூரத்தில் இடறி விழுமாயின், அதனை என்னென்று சொல்வது! எமது வீட்டில் நிகழ்ந்தது அதுவே.

எமது வீடு யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளுள் ஒன்று. நடுவே திறந்த முற்றம்; அதனைச் சூழ நாற்புறமும் அறைகள். சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்புடையன. வெய்யிலின் வெம்மையை வெளியே நிறுத்தும்பொருட்டு முன்னோர் எழுப்பிய அச்சுவர்கள், இன்று வைஃபை அலைகளையும் நிறுத்திவிடுகின்றன. ஒரு ரவுட்டர் வீடு முழுவதற்கும் போதாமையால், மூன்று சாதனங்கள் கொண்ட மெஷ் வலையமைப்பு ஒன்று பொருத்தப்பட்டது. முதலாவது சாதனம் இணையக் கம்பி வந்து சேரும் முன்மண்டபத்தில் நின்றது. பொருத்த வந்தவர் இரண்டாவதை அடுக்களையை அடுத்த அறையிலும், மூன்றாவதைத் தாயாரின் பின்னறையிலும் வைத்துச் சென்றார். ஒன்று தரும் செய்தியை மற்றொன்று வாங்கி அப்பால் அனுப்பும். கிணற்றடியில் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவதை ஒத்தது இவ்வேலை.

எமது தம்பி ரொறன்ரோ நகரில் இரவு வேலை செய்பவன். அங்கே கோடைகாலத்துக் காலை 9.30 மணி, இங்கே மாலை 7 மணி. வேலையால் வந்து, தாயாருடன் பேசிய பின்னரே அவன் உறங்கச் செல்வான். அந்தப் பேச்சே நாள்தோறும் இடையில் அறுந்தது. அறுந்த பேச்சு மீண்டும் பொருந்துமுன் தாயார் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவார். “அவனுக்கு அங்கை எத்தினை அலுவலோ! வைச்சிட்டான் போலை” என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்வார். தம்பியோ மறுநாள் எம்மிடம், “அண்ணை, அம்மாவுக்கு என்னோடை ஏதும் கோபமோ? கதைச்சுக்கொண்டிருக்கேக்கை வைச்சிடுறா” என்று வினவினான். இயந்திரத்தின் குறை இரு மனங்களின் குறையாக மாறத் தொடங்கியதை அன்றுதான் உணர்ந்தோம். இனி இதனை நாளைக்கென்று விடலாகாது எனத் துணிந்தோம்.

வீட்டிலே குற்றவாளிகளுக்குக் குறைவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் பாடங்களைக் காணொளியிற் பார்ப்பதே காரணம் என்றார் ஒருவர். தாயாரின் கைத்தொலைபேசி பழையது என்றார் மற்றொருவர். இணைய நிறுவனத்தையே மாற்றவேண்டும் என்பது மூன்றாமவர் தீர்ப்பு. எய்தவன் எங்கோ இருக்க அம்பை நோவது மனித இயல்பு. நாம் ஒருவர்மேலும் பழி கூறாது, முறையாக ஆராயலானோம்.

முதலில் அறியவேண்டியது, குறை வீட்டிற்கு உள்ளேயா வெளியேயா என்பது. இதற்கு ‘பிங்’ என்னும் சிறு கட்டளை போதும். 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் ஆக்கிய இது, பெரும்பாலான கணினிகளில் உண்டு. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ஒலிக்கருவியைப் போலவே, ஒரு குரல் கொடுத்து அதன் மறுமொழிக்குக் காத்திருப்பது அதன் தொழில். தாயாரின் அறையிலிருந்து ஒரு கணினி முன்மண்டபத்து ரவுட்டரை ஓயாது அழைக்கும்படி செய்தோம். அதே வேளையில், அந்த ரவுட்டருடன் கம்பியால் இணைத்த இன்னொரு கணினி வெளியுலக முகவரி ஒன்றை அழைத்தது. பேச்சு அறுந்தபோது இரண்டாவது கணினிக்கு மறுமொழி தவறாது வந்தது; முதலாவதற்கோ ஒன்றும் வரவில்லை. எனவே இணைய நிறுவனம் குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. குறை எமது கூரையின் கீழேயே இருந்தது.

அடுத்து, குறிப்பேடு ஒன்றை எடுத்து, ஏழு நாட்கள் இணைப்பு அறுந்த நேரம், இடம், அவ்வேளை வீட்டில் நடந்த வேலை ஆகியவற்றை எழுதி வந்தோம். மகள் படிக்கும் பிற்பகல்களில் ஒரு முறையேனும் அறுந்திலது. அறுந்தவை பெரும்பாலும் மாலை 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடைப்பட்டவை. அவ்வேளை வீட்டில் நடந்ததாகக் குறிப்பேடு காட்டிய வேலை ஒன்றே: மைக்குரோவேவ் அடுப்பிலே புட்டுச் சூடாக்குதல்!

காரணத்தை விளக்குவாம். வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றது. 5 கிகாஹேர்ட்ஸ் விரைவுடையது. ஆனால் தடித்த சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். முன்மண்டபத்திற்கும் அடுக்களைப் பக்கத்திற்கும் இடையே இரு கற்சுவர்கள். ஆகவே எமது சாதனங்கள் 5ஐக் கைவிட்டு, 2.4இலே தம்முட் பேசிக்கொண்டிருந்தன. சாதனத்தின் கைத்தொலைபேசிச் செயலியில் இதனைக் கண்டோம். மைக்குரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்கப் பயன்படுத்துவதோ 2.45 கிகாஹேர்ட்ஸ். அதிலிருந்து கசியும் சிறு அலை எமது உடலுக்குத் தீங்கு செய்யாது. ஆயின் அருகே நின்ற சாதனத்தின் மெலிந்த செவியை அடைத்துவிடப் போதுமானது. இதனைச் சோதிக்க ஒரு கோப்பை தண்ணீரை அடுப்பில் வைத்து, ஒவ்வொரு நிமிடமாக மும்முறை இயக்கினோம். மும்முறையும் மறுமொழி நின்றது. அடுப்பு நின்றதும் மீண்டது. தாயாருக்காகச் சூடாக்கிய புட்டே தாயாரின் பேச்சை அறுத்து வந்தது!

1964ஆம் ஆண்டில் பால் பாரன் என்னும் அறிஞர், ஒரு கணு அழிந்தாலும் செய்தி வேறு வழியாகச் செல்லத்தக்க வலையமைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். ‘மெஷ்’ என்ற பெயரைக் கேட்டவுடன் எமது வீட்டிலும் அத்தகைய வலை விரிந்திருப்பதாக எண்ணத் தோன்றும். உண்மையில், மூன்றே சாதனங்கள் வரிசையாக நிற்கும் வீட்டில் இருப்பது வலையன்று, கயிறு. நடுமுடிச்சு அவிழ்ந்தால் அப்பாலுள்ளவை யாவும் அறுந்துபோம். ஆதலின் பேச்சு அறும் அறையை மாத்திரம் பாராது, நடுவே நிற்பதையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது சாதனத்தை அடுக்களைப் பக்கத்திலிருந்து நீக்கி, முற்றத்தை நோக்கிய சாளரத்தருகே வைத்தோம். முன்மண்டபத்துச் சாதனத்திற்கும் அதற்கும் இடையே இப்போது கற்சுவர் இல்லை. திறந்த முற்றமே உண்டு. முன்பு சய 80 டிபிஎம் அளவில் நலிந்திருந்த சமிக்ஞை, பேச்சுக்கு வேண்டிய சய 67ஐ எளிதாகத் தாண்டியது. சாதனங்களும் 5 கிகாஹேர்ட்ஸிற்குத் திரும்பின. புதிதாக ஒரு சதமும் செலவாகவில்லை.

எல்லா வீட்டிலும் காரணம் ஒன்றே என்று கொள்ளற்க. இணைய நிறுவனத்தின் ரவுட்டரும் மெஷ்சின் தலைமைச் சாதனமும் தனித்தனியே முகவரி வழங்கிக் குழப்பம் விளைப்பதுண்டு. இரண்டிலொன்றை அப்பணியிலிருந்து ஓய்வுபெறச் செய்தல் வேண்டும். சில கைத்தொலைபேசிகள் அண்மையிலுள்ள சாதனத்தை விடுத்துத் தொலைவிலுள்ளதையே பற்றி நிற்கும். வைஃபையை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் அவை வழிக்கு வரும். 5 கிகாஹேர்ட்ஸின் சில அலைவழிகள் ரேடார்களும் பயன்படுத்துபவை. ரேடாரை உணர்ந்த ரவுட்டர் வேறு வழிக்கு மாறும்போது பேச்சு அறலாம். இரும்பு அலுமாரியும் மீன்தொட்டியும் அலைகளுக்குப் பகை. கம்பி இழுக்க வசதியுடையோர் சாதனங்களை ஈதர்நெற் கம்பியால் இணைப்பதே தலைசிறந்த வழி. எதனைச் செய்யினும் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது ஒருபோதும் விளங்காது.

மாணவர்கள் இதிலே விஞ்ஞானத்தின் முறையைக் காண்பார்கள்: பிரித்தறிதல், குறித்துவைத்தல், சோதித்தல். குடும்பத்தினருக்கு நாம் கூற விரும்புவது வேறொன்று. தொலைவில் வாழும் பிள்ளையின் பேச்சு அறும்போது, அன்பு அறுந்ததோ என்று ஐயுறுமுன், நடுவே நிற்கும் சுவரையும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். எமது தம்பி இப்போது பேசி முடித்த பின்னரே உறங்குகின்றான். தாயாரின் புட்டும் சூடாகவே இருக்கின்றது.