கால் கடுக்கும் சொல்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் "டிரட்ஜ்" என்ற சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டால், "நடப்பது" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வெறும் நடைக்குத்தான் "வாக்" இருக்கிறதே! களைப்போ, சேறோ, சுமையோ காலைப் பிடித்து இழுக்க, ஒவ்வோர் அடியையும் பெயர்த்து வைத்து, அப்படியும் நிற்காமல் போவதுதான் டிரட்ஜ். மாலையில் பூங்காவில் உலாவுகிறவர் டிரட்ஜ் செய்வதில்லை. ரேஷன் அரிசியைச் சுமந்துகொண்டு வெயிலில் வீடு திரும்புகிறவர் செய்கிறார். நம் பேச்சில் இதற்குப் பொருத்தமான வார்த்தை உண்டு: கால் கடுக்க நடப்பது. அலுப்பூட்டும் வேலையை விடாமல் செய்து முடிப்பதற்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லை உபயோகிப்பார்கள்.

இதன் அர்த்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தேவிகாபுரத்துக்கு வாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் இடையே உள்ள ஊர். ஊருக்குள் பெரியநாயகி அம்மன், மலைமேல் கனககிரீசுவரர். அம்பாளைத் தரிசித்துவிட்டு மலை ஏறுங்கள். முதல் பத்துப் படி "வாக்". பாதி மலைக்குமேல் உங்களுக்கு அகராதியே வேண்டாம்!

கீழே, நெசவாளர் வீடுகளில் இன்னொரு வகை நடையைப் பார்க்கலாம். ஆரணிப் பட்டு என்று நாம் ஆசையோடு வாங்குவது இந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்வதுதான். குழித்தறியில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு, நெசவாளர் மிதிகட்டையை மிதிக்கிறார். ஒரு மிதிக்குப் பாவு திறக்கிறது, நாடா ஓடுகிறது, ஓர் ஊடை இழை சேருகிறது. மிதிகட்டைக்கு ஆங்கிலத்தில் "டிரெடில்" என்று பெயர். அடி வைத்து மிதிப்பதைக் குறிக்கும் "டிரெட்" என்ற வினைச்சொல்லோடு பிறந்தது அது.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஆறு கெஜம் என்றால் 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சேலைக்கு 12,960 மிதி! இத்தனை மிதித்தும் மனிதர் இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகர்வதில்லை. சேலைதான் அங்குலம் அங்குலமாக வளர்கிறது. கூலியோ சேலைக்குத்தான், கால்வலிக்கு அல்ல. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறிக்குழியில் இறங்காமல் வேறு உத்தியோகம் தேடிப் போனால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை ஆரணிப் பட்டு எடுக்கும்போது, "கைத்தறிதானா?" என்று கேட்டு வாங்குங்கள். விசைத்தறிக்குக் கால் கடுப்பதில்லை. கைத்தறிதான் என்று தெரிந்த பிறகு, விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்குமுன் அந்த 12,960-ஐயும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.