இன்னொரு பிரஷர்

பிரஷர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கையில் பட்டையைக் கட்டி, புஸ் புஸ்னு காத்தடிச்சுப் பார்க்கிறதுதான். இன்னொரு பிரஷர் இருக்கு மக்களே. இதயத்தில் இருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாயில் இருக்கிற அழுத்தம். கையில் பட்டை கட்டினா தெரியாது. எக்கோ எடுத்தா குத்துமதிப்பா தெரியும். சராசரி அளவு 20ஐத் தாண்டினாலே அதிகம்னு கணக்கு.

பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேட்பீங்க. எங்க ஆச்சிக்கு வந்திருக்கு. நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதின நுரையீரல். முதலில் இருமல், அப்புறம் மூச்சிரைப்பு, இப்போ கால் வீக்கம்.

நுரையீரல் கெட்டா கால் ஏன் வீங்கணும்? எங்க ஊர் சங்கரன்கோவில் விசைத்தறி ஊர், அதனால் தறியை வச்சே சொல்றேன். ஓடாத தறிக்கு யாரும் நூல் அனுப்ப மாட்டாங்க. நுரையீரலும் அப்படித்தான். எந்தப் பகுதியில் காத்து சரியா வரலையோ, அங்கே போற ரத்தக்குழாயைச் சுருக்கிக்கும். ஒரு மூலையில் மட்டும் கோளாறுன்னா இது நல்ல ஏற்பாடு. நுரையீரல் முழுக்கவே கெட்டா? எல்லாக் குழாயும் சுருங்கும், அழுத்தம் ஏறும், தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைச்சுப் போகும். திரும்பி வர்ற ரத்தம் தேங்கி, கால் வீங்கும்.

இதை நம்ம நாட்டில் அப்பவே கவனிச்சவர் டாக்டர் எஸ்.பத்மாவதி. பர்மாவில் பிறந்து, உலகப்போர் சமயத்தில் தப்பிச்சு கோயம்புத்தூர் வந்த குடும்பம். 1959ல் டெல்லியில் இப்படி இதயம் பாதிச்ச 127 பேரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆண்களில் நிறைய பேர் புகை பிடிக்கிறவங்க, பெண்களில் ரொம்பக் கம்மி. ஆனா நோய் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய சமமா இருந்தது. காரணம், வரட்டியும் விறகும் எரியற அடுப்பு! அவர் 2020ல் 103 வயதில் கொரோனாவில் காலமானார்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். "மாத்திரை இல்லையா?"ன்னு மாமா கேட்டார். இருக்கு, சில்டெனாஃபில். (ஆமா, அதே வயாக்ரா மருந்துதான். சிரிக்காதீங்க :)) 2005ல் அமெரிக்காவில் நுரையீரல் அழுத்தத்துக்கும் அனுமதி கொடுத்தாங்க. ஆனா அது ரத்தக்குழாயே நோய்ப்பட்டவங்களுக்கு. நுரையீரல் கெட்டு அதனால் வந்த அழுத்தத்துக்குக் கொடுத்தா, சுருங்கியிருந்த குழாய் எல்லாம் விரிஞ்சு, ஓடாத தறிக்கும் நூல் போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையலாம். நுரையீரல் தழும்பு நோய்க்காரங்களுக்கு ரியோசிகுவாட்னு வேற ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியை 2016ல் பாதியிலேயே நிறுத்தினாங்க. மருந்து எடுத்தவங்க பக்கம் சாவு அதிகம். அதே தழும்பு வகைக்கு மூச்சில் இழுக்கிற ட்ரெப்ரோஸ்டினில் 2021ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிச்சு. 16 வாரம் எடுத்ததில், 6 நிமிஷ நடையில் மருந்து எடுக்காதவங்களை விட 31 மீட்டர் முன்னேற்றம். புகையால் வர்ற ஆச்சி வகை நோய்க்கு அதுவும் கைகொடுக்கலை.

மிச்சம் இருக்கிறது பழைய சமாச்சாரம்: ஆக்சிஜன். 1981ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆராய்ச்சியில், ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்ச 87 பேர். தினம் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் 5 வருஷத்தில் இறந்தவங்க 19. எடுக்காத 45 பேரில் 30. எல்லாருக்கும் இது தேவையில்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற அளவு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 88 அல்லது அதுக்குக் கீழே இருந்தா டாக்டர் யோசிப்பார்.

இப்போ நம்ம பாடத்துக்கு வரலாம். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட்ஸ் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட்டுக்கு மேல. ரெண்டு மாசத்துக்கு 300ஐத் தாண்டும். வீட்டுக்கு இலவசம் 100 யூனிட்தான், அது ஃபேனுக்கும் மிக்ஸிக்குமே சரியாப் போகும். மெஷின் வாங்குறது ஒரு தடவைச் செலவு, சொந்தக்காரங்க சேர்ந்து போட்டுடுவாங்க. கரண்ட் பில் ஒவ்வொரு தடவையும் வரும். அதைப் பார்த்துட்டுத்தான் "பகல்ல நல்லாத்தானே இருக்காங்க"ன்னு மெஷினை நிறுத்துவாங்க. 15 மணி நேரம் 8 ஆகும். வைத்தியம் தோற்கிற இடம் அதுதான்.

விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம் கொடுக்கிற அரசு இது. நல்ல விஷயம், எங்க ஊரே அதில்தான் ஓடுது. டாக்டர் சீட்டு இருக்கிற வீட்டுக்கு மூச்சு மெஷினுக்குன்னு ஒரு 300 யூனிட் கொடுத்தா என்ன?

இப்போதைக்கு எங்க வீட்டில் பில்லை மாமாவும் அப்பாவும் மாத்தி மாத்திக் கட்டுறதா முடிவு. மெஷின் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் கூடாதுன்னு சொன்னதுக்குத்தான் ஆச்சிக்குக் கோபம். "சாமிக்கு விளக்கு வைக்க வேண்டாமாலே?"ன்னாங்க. மீதி 9 மணி நேரம் உங்களுதுதான் ஆச்சி, சாமி ரூமுக்குப் போய் வச்சுக்கோங்கன்னு சொல்லியிருக்கேன்.