பார்த்து நின்றவர்கள்

மாமியாரும் ஒரு காலத்து மருமகள்தான் என்று நம்மவர் சொல்வதுண்டு. தான் பட்ட துன்பத்தை எண்ணி மருமகளிடம் இரக்கம் காட்டுவதே நியாயம். ஆனால் உலகில் நடப்பது பெரும்பாலும் வேறு. அடித்தவனிடம் கணக்குத் தீர்க்க இயலாதவன், தனக்குப் பின்னால் வந்தவனிடம் அதைத் தீர்த்துக் கொள்கிறான். இவ்வுண்மையை என் மனத்தில் ஆழப் பதித்தது ஒரு கொரியத் தொலைக்காட்சி நாடகம்.

கொரிய நாடகம் என்றதும் காதற் கதைகளே பலருக்கு நினைவில் எழும். 2016ஆம் ஆண்டில் வெளிவந்து பல நாடுகளில் புகழ்பெற்ற ‘சூரியனின் வழித்தோன்றல்கள்’ என்ற தொடரிலே இராணுவ வீரன் அழகன், அஞ்சா நெஞ்சன், சொன்ன சொல் தவறாதவன். நான் குறிப்பிடுவது அத்தகைய நாடகமன்று. 2021 ஆகஸ்ட் மாதத்தில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ‘டீ.பி.’ என்னும் தொடர் அது. முகாமை விட்டு ஓடிப்போன வீரரைத் தேடிப் பிடிக்கும் இராணுவப் பொலிஸ் குழுவுக்குத்தான் அப்பெயர். அக்குழுவில் தாமே கடமையாற்றிய கிம் போ-தொங் என்பவர் வரைந்த சித்திரக் கதையை, ஹான் ஜுன்-ஹீ நாடகமாக இயக்கினார்.

இந்நாடகத்தை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் வழமையைச் சற்று அறிதல் வேண்டும். 1950இல் மூண்ட கொரியப் போர் 1953இல் ஓய்ந்ததேயன்றி, சமாதான உடன்படிக்கை இன்றுவரை எழுதப்படவில்லை. ஆகவே தென் கொரியாவிலே உடல் நலமுள்ள ஆண்மக்கள் யாவரும் இராணுவத்திற் சேவை செய்தாக வேண்டும். தரைப்படையில் இக்காலம் இப்போது 18 மாதங்கள். அதற்குள் ஓர் இளைஞன் நான்கு படிகள் ஏறுகிறான். முதற்படியில் நிற்பவன் எல்லோருக்கும் ஏவலாள். நான்காம் படிக்கு வந்தவனோ விடுதிக்குள் குட்டி அரசன். இருவரும் ஒரே வயதினர். கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள். இடையில் இருப்பது சில மாத வித்தியாசம் மட்டுமே.

கதை 2014ஆம் ஆண்டில் நிகழ்கிறது. அன் ஜுன்-ஹோ என்னும் ஏழை இளைஞன் படையிற் சேருகிறான். அவனுடைய தாய் எழுதிய கடிதத்தை ஹுவாங் ஜாங்-சு என்ற மூத்தவன் எல்லோர் முன்னிலையிலும் படித்து, அவர்களின் வறுமையை எள்ளி நகையாடுகிறான். சுவரிலே ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆணியின் மேல் தலை மோதும்படி இளையவர்களைத் தள்ளுவது அவனுக்கு ஒரு விளையாட்டு. மற்றவர்கள் பார்த்தபடி நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதை எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். “அப்பா, இவன் ஏன் ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கிறான்?” என்று என் மகள் கேட்டாள். யாரிடம் சொல்வது என்பதே கேள்வி. சொன்னால் கேட்கவேண்டிய அதிகாரிக்குத் தம் பதவியும் முகாமின் நற்பெயருமே பெரிது. சொன்னவனோ அன்றிரவு மீண்டும் அதே விடுதியில், அதே ஆட்களின் நடுவிலேதான் படுத்துறங்க வேண்டும். இதை நான் விளக்கிச் சொன்னபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆயினும் அவள் முகத்தில் நிறைவு தோன்றவில்லை.

நாடகத்திலே என் நெஞ்சை உலுக்கிய பாத்திரம் ஜோ சொக்-போங். படைக்கு வருமுன் சிறுவர்களுக்குச் சித்திரம் கற்பித்தவன், பரம சாது. நாம் மூத்தவர்களாகும்போது நம் இளையவர்களை நன்றாக நடத்துவோம் என்று ஜுன்-ஹோவுக்கு ஆறுதல் கூறியவனும் அவனே. அந்தச் சாதுவே பின்னர் கையோங்கி இளையவர்களை அடிக்கிறான். இறுதியில் முகாமை விட்டு ஓடித் தன்னை வதைத்த ஹுவாங்கைப் பழிவாங்கப் புறப்படுகிறான். சேவை முடிந்து வெளியேறிய ஹுவாங் அப்போது ஒரு கடையிற் சிப்பந்தி. முதலாளியின் ஏச்சுக்கு வாய்திறவாது நிற்கிறான். நேற்றைய அரசனின் நிலை இது. என்னை ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் கூறும் மறுமொழி, அப்படிச் செய்யலாம் என்று நினைத்தேன் என்பதே.

அந்த மறுமொழியில் முழு நாடகமும் அடங்கியிருக்கிறது. செய்யலாம் என்று அவனுக்குச் சொன்னவர் யார்? வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. பார்த்து நின்றவர்களின் மௌனமே அவனுக்கு அனுமதிச் சீட்டாயிற்று. முதற் பருவத்தின் கடைசிப் பகுதிக்குப் ‘பார்த்து நின்றவர்கள்’ என்று பொருள்படும் தலைப்பையே இட்டிருக்கிறார்கள். கொடுமை தாங்காமல் உயிர்நீத்த ஓர் இளைஞனின் தமக்கை கேட்கிறாள்: என் தம்பி அவ்வளவு நல்லவன் என்கிறீர்களே, அவனை வதைத்தபோது ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அந்தக் கேள்விக்கு அங்கே விடை கிடையாது.

இவை கற்பனைப் பாத்திரங்களே. ஆனால் கற்பனைக்குப் பின்னால் மெய்யான புதைகுழிகள் உள்ளன. 2014 ஏப்ரலில் ஓர் இளம் வீரர் தம் மூத்தவர்களின் அடியினால் மாண்டார். உணவு தொண்டையில் அடைத்ததாக முதலிற் கூறப்பட்டது. சில மாதங்களின் பின்னர் மனித உரிமை அமைப்பொன்று உண்மையை வெளியிட்டபோது நாடே கொதித்தெழுந்தது. தரைப்படைத் தளபதி பதவி துறந்தார். பிரதான குற்றவாளிக்கு 40 ஆண்டுச் சிறைத்தண்டனை 2016இல் உறுதியாயிற்று. அதே 2014இன் ஜூன் மாதத்திலே, கிழக்கெல்லைக் காவலில் இருந்த ஒரு வீரர் சக வீரர் ஐவரைச் சுட்டுக் கொன்றார்.

நாடகம் வெளிவந்தபோது, விடுதிகளின் நிலை இப்போது மாறிவிட்டது என்றது பாதுகாப்பு அமைச்சு. மாற்றம் இல்லாமலில்லை. 2019இல் பரீட்சார்த்தமாகவும், 2020 ஜூலை முதல் முறைப்படியும், கடமை முடிந்த வேளைகளில் வீரர்கள் கைத்தொலைபேசி வைத்திருக்க அனுமதி கிடைத்தது. மகனின் குரலைத் தாய் மாலைதோறும் கேட்கிறாள் என்பது சிறிய காரியமன்று. குரலிலுள்ள நடுக்கத்தைத் தாய் அறியாளா? 2022 ஜூலை முதல் பாலியற் குற்றங்களும், வீரரின் மரணத்துக்குக் காரணமான குற்றங்களும் இராணுவ நீதிமன்றத்தை விட்டுப் பொது நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. ஆனால் சொக்-போங் நாடகத்திற் சுட்டுவதுபோல, அவர்களுடைய தண்ணீர்க் குடுவையில் பொறித்திருக்கும் ஆண்டு 1953. குடுவையே மாறாத இடத்தில் மனிதர் மாறுவார்களா என்பது அவன் ஐயம்.

இதைப் படிக்கும் மாணவர் சிலருக்குத் தங்கள் சொந்த அனுபவம் நினைவில் எழக்கூடும். ஓராண்டு மூப்பையே அதிகாரமாக்கும் பகிடிவதையை நம் பல்கலைக்கழகங்கள் அறியும். அதனைக் குற்றமாக்கும் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கிறது, வதையும் ஒழிந்தபாடில்லை. நாங்களும் பட்டோம், நீயும் படு என்ற நியாயம் அங்கேயும் கேட்கிறது.

நம் பிள்ளைகளை அனுப்பும்போது, மூத்தவர்களுக்கு அடங்கி நட என்று புத்தி சொல்கிறோம். உன் அருகில் ஒருவன் அடிபடும்போது பார்த்து நில்லாதே என்று எத்தனை பேர் சொல்லியனுப்புகிறோம்? அடுத்த ஆண்டு நீ மூத்தவனாவாய், அப்போது உன் கையை அடக்கிக்கொள் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? அந்தத் தமக்கை நம் வாசலுக்கு வந்து கேட்குமுன்னரே சொல்லிவிடுதல் நன்று.