பிரேக்குக்கு பாஸ் மார்க் 100!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வீட்டுல மிக்ஸி ஓடலைன்னாலும் 'இன்ஜினீயர் வரட்டும்'னு எனக்காகக் காத்திருப்பாங்க. அந்தத் தெம்புலதான், அப்பாவோட பழைய காருக்கு பிரேக் வேலையை நானே பார்க்கிறேன்னு வாயை விட்டேன்.

அவசரம் இருந்துச்சு. கோத்தகிரியில இருக்கிற அக்காவுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. முடிஞ்சதும் மலைப்பாதையில இறக்கி, மேட்டுப்பாளையத்துல இருக்கிற எங்க வீட்டுக்கு அழைச்சிட்டு வரணும். காரோ, பிரேக் பிடிச்சா ஒரு பக்கமா இழுக்குது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன்சக்கரம் ஒண்ணு மட்டும் தோசைக்கல்லா கொதிக்குது!

ஞாயித்துக்கிழமை காலையில பின்சக்கரங்களுக்குக் கல்லு வெச்சு, ஜாக்கி ஏத்தி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழட்டினேன். உள்பக்க பேட் சுத்தமா தேய்ஞ்சிருக்கு. வெளிப்பக்க பேட் கிட்டத்தட்ட புதுசு. காலிப்பர் நகர்றதுக்கான ஸ்லைடு பின் ரெண்டும் துருப்பிடிச்சு ஜாம்!

பெடலை அமுக்கினா பிஸ்டன் வெளியே வரும். காலை எடுத்ததும் அதை இம்மியளவு பின்னால இழுக்கிறது ஸ்பிரிங் இல்லீங்க... உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் சீல். வகுப்புல தலையில ஏறாத இந்த விஷயம், கையில எடுத்துப் பார்த்தப்போதான் புரிஞ்சுது. பெட்ரோல் பட்டா ரப்பர் உப்பிடும்கிறதால பிரேக் ஆயில்லயே கழுவினேன். புது சீல், ரெண்டு முன்சக்கரத்துக்கும் புது பேட், பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். எல்லாம் ஓகே!

அடுத்து ஏர் எடுக்கணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும். அப்பா பெடல்ல, நான் சக்கரத்துக்கிட்ட.

"அமுக்குங்கப்பா."

"அமுக்கிட்டேன் கண்ணு."

நிப்பிளை லூஸ் பண்ணி, திரும்ப டைட் பண்ணி... "விடுங்கப்பா!"

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் நாங்க இவ்வளவு நேரம் பேசிக்கிட்டது அன்னிக்குத்தான்! அந்த ஜோர்ல ஆயில் டப்பாவை கவனிக்கலை. அது காலியாகி, திரும்ப ஏர் ஏறிடுச்சு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது.

"போதும்ப்பா, ஓரளவு பிடிக்குது"ன்னேன்.

அப்பா கார்ல இருந்து இறங்கவே இல்லை. "வர்றது உங்கக்காடா"ன்னார். அவ்வளவுதான். நாலு சக்கரத்துக்கும் முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். முடிக்கும்போது இருட்டிடுச்சு.

பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரலை. மறுநாள் நானே காரைத் தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட மெதுவா உருட்டிட்டுப் போய், "ஒருவாட்டி பாத்துருங்கண்ணா"ன்னு நின்னேன். எல்லாத்தையும் பார்த்தவர், காலிப்பர் போல்ட் ஒண்ணுல ஸ்பானரைப் போட்டார். கால் சுத்து ஏறுச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் வயித்தைக் கலக்கிடுச்சு.

வளைகாப்பு முடிஞ்சு வர்றப்போ, மலை இறங்கின அத்தனை வளைவுலயும் அக்கா பின்சீட்ல அசந்து தூங்கிக்கிட்டே வந்தா.

செமஸ்டர்ல 50 எடுத்தா பாஸ். பிரேக்ல 99 எடுத்தாலும் ஃபெயில்தான், பாஸ்!